கூத்தாநல்லூர்த் தெருவில் நான் தூற்றிய மண்

தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்க மனசு வரவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். போன வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். நீ வேலை பார்க்கிற அந்தப் பாலைவன ஊரில் வலைக்குள் நின்றுகொண்டு பிலிப்பைன்ஸ்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் பந்து வீசிவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பை எத்தனையோ முறை பக்கத்து வீட்டுக்காரிக்கெல்லாம் காட்டிப் பூரித்தவள் நான். இப்போது பார்த்தால் வயிறு எரிகிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால், 'அம்மா, லைன் கட்டாகுது, அப்புறம் பேசுறேன்' என்பாய். உனக்குச் சங்கடமான பேச்சு வரும்போது மட்டும் அங்கே டவர் படுத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்த கை, பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப்போவது உன் அப்பாதான். அனுப்பும்போது அவரும் படிக்கட்டும். இதில் அவருக்கும் பங்கு இருக்கிறது. மூன்று நாளாக இந்த வீட்டில் அவருக்குச் சோறு உண்டு, பேச்சு கிடையாது.

வைகாசியில் உனக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து வந்துவிட்டது. போன வாரம் நீ போன் பண்ணி, 'சொந்தக்காரங்களுக்கு அப்புறம் வைங்கம்மா, முதல் பத்திரிகை ஹாஜா வீட்டுக்கு வைங்க' என்றாய். எனக்குக் காது அடைத்துப்போனது. உன்னைக் காட்டிக்கொடுத்தவன், உன் வாழ்க்கையில் மண் அள்ளிப் போட்டவன், அவனுக்கா முதல் பத்திரிகை? 'அந்த வீட்டு வாசல நான் மிதிக்க மாட்டேன்டா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் என் வீட்டுப் பந்தியில உக்காருவான்?' என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? 'அவன் வரலன்னா நல்லா இருக்காதும்மா' என்று இழுத்தாய். அப்புறம் லைன் கட்டாகிவிட்டது.

உன் அப்பா கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். நான் ஹாஜாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அரிசி களைந்துகொண்டிருந்தேன். மனுஷன் தலை நிமிராமல் சொன்னார்:

"அந்தப் புள்ளைய இனிமே திட்டாத. அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

"என்ன இல்ல? கோச்சுகிட்ட போய்ச் சொன்னது அவன்தானே?"

"அவன்தான். நம்ம புள்ளதான் அவனைச் சொல்லச் சொன்னான்."

அரிசித் தண்ணீர் கையில் வழிய நான் அப்படியே நின்றேன். அவர் கட்டை விரலில் மஞ்சளைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே இருந்தார். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாதவருக்கு வேலை இருக்கவே இருக்கிறதே. "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன். "அவன் கேம்ப்லேருந்து வந்த மறுநாளே" என்றார். அதாவது நான் கூத்தாநல்லூருக்குப் போய்விட்டு வந்த பிறகு. நான்கு வருடம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தச் சோற்றைப் போட்டவளே நான்தான் என்பது எனக்கே தெரியவில்லை.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். என் பக்கமிருந்து நீ ஒருநாளும் பார்த்ததில்லை, பார்.

பேஸ்பால் என்ற பெயரே இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. மன்னார்குடியில் கல்லூரிக்குப் போனபோது கிரிக்கெட் டீமில் உனக்கு இடம் கிடைக்கவில்லை. 'இதுல ஆள் குறையுது, வா' என்று விளையாட்டு வாத்தியார் கூப்பிட்டார், போனாய். ஹாஜாவும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். கூத்தாநல்லூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற பாய் வீட்டுப் பிள்ளை. கனத்த உடம்பு, ஓட வராது. ஆனால் குந்தி உட்காரச் சொன்னால் பொழுது சாயும்வரை உட்காருவான். நீ பந்து வீசுகிறவன், அவன் எதிரே குந்தி அதைப் பிடிக்கிறவன். அப்படி ஒட்டிக்கொண்டவர்கள் நீங்கள் இரண்டு பேரும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் பைக் நம் வாசலில் நிற்கும். அவன் வருகிறான் என்றால் நான் கறி எடுக்க மாட்டேன், மீன்தான். 'அம்மா, கொழம்பு இன்னும் ஒரு கரண்டி' என்று தட்டை நீட்டுவான். உனக்கு வைத்திருந்த துண்டத்தையும் அவனுக்கு வைத்திருக்கிறேன். அவன் சாப்பிடுகிற அழகைப் பார்த்தால் சமைத்தவளுக்குப் பசி ஆறிவிடும்.

வீச்சு உனக்கு உன் அப்பாவிடமிருந்து வந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடவுக்குப் போகிற காலத்தில் வரப்பில் நின்று நாற்று முடியை வீசுகிற ஆள் அவர். கையைத் தூக்க மாட்டார், இடுப்புக்குப் பக்கத்திலிருந்து ஒரு சுழற்று. ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் நட்டு முடித்து நகரப்போகிற இடத்தில் முடி போய் விழும். எல்லோருக்கும் முன்னால்தான் விழுந்தது, எனக்கு மட்டும் சேறு தெறிக்காது. அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பார்த்துத்தான் இந்த மனுஷனை நம்பினேன். அவருடைய யோக்கியதையும் இப்போது தெரிந்துவிட்டது.

நீ நாட்டுக்காக ஆடப் போகிறாய் என்று வந்து சொன்ன அன்று ஊரே வாசலில் நின்றது. முதலில் கொழும்பு. பிறகு ஹாங்காங். அதற்கப்புறம் கொரியா. நீ பெரிய ஆட்டக்காரன் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஹாஜாவே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினான். நல்லா வீசுகிறவனை முதலில் இறக்குவார்களாம். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு மிச்சத்தை முடித்துக்கொடுக்க ஒருவனை அனுப்புவார்களாம், அது நீயாம். நீ அவனை முறைத்தாய். எனக்கு அதில் ஒரு குறைச்சலும் தோன்றவில்லை. வெள்ளத்தில் நடவு அழுகிப்போனால், விட்டுவிட்டா போகிறோம்? பார்க்க ஆள் இல்லாத வயலில் இறங்கித் திரும்ப நடுகிறவர்கள்தானே நாமெல்லாம். தோற்ற ஆட்டத்தில் போய் நிற்பதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும். என் பிள்ளைக்கு அது இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு முறை நீ போகும்போதும் நம் பையன்கள் பஸ் ஸ்டாப்பில் ப்ளெக்ஸ் வைத்தார்கள். கொரியாவுக்குப் போனபோது வைத்ததில் உன் பின்னால் கிரிக்கெட் மட்டையும் ஸ்டம்பும் இருந்தன. நீ தலையில் அடித்துக்கொண்டாய். நான்காவது முறை உன்னோடு ஹாஜாவையும் தேர்ந்தெடுத்ததும், நீங்கள் கேம்புக்குக் கிளம்பிய அன்றே இன்னும் பெரிதாக ஒன்று வைத்தார்கள். அந்தத் தடவை போய் வந்துவிட்டால், விளையாட்டு ஒதுக்கீட்டில் உனக்கு வேலை நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள். உனக்கு வேலை என்றால் எனக்கு என்ன தெரியுமா? காய்ச்சலோடு சேற்றில் இறங்குவது என்னோடு முடிந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான் என் ஆசை. வேறு மாளிகையா கேட்டேன்?

கிளம்பிப் பத்து நாள் கூட ஆகவில்லை, நீ பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாய். ப்ளெக்ஸ் இன்னும் அங்கேயேதான் இருந்தது. அதில் சிரிக்கிற உன்னைத் தாண்டி நீ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்ததை டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தோளில் அடிபட்டதாம், யாரோ கோச்சிடம் போய்ச் சொல்லிவிட்டார்களாம், உன்னை அனுப்பிவிட்டார்களாம். நான் உன் எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

"யாருடா சொன்னது?"

நீ பேசவில்லை.

"கூட இருந்தவனா?"

பேசவில்லை.

"ஹாஜாவா?"

நீ தலையைக் குனிந்தாய்.

அந்தக் குனிவு ஒன்று போதும் தம்பி. ஒரு வார்த்தை பொய் நீ சொல்லவில்லை என்று இன்றைக்கும் உன் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாய். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. நீ வந்துவிட்டாய், ஹாஜா போகிறான். உன் தோள் வலி வேறு யாருக்குத் தெரியும்? பந்தைப் பிடிக்கிறவனுக்குத்தானே தெரியும்? என் கையால் தின்றுவிட்டு என் பிள்ளை வயிற்றில் அடித்துவிட்டான் என்று நினைத்தேன். உப்பிட்ட வீடு என்று கூட நினைக்கவில்லையே என்று இரவெல்லாம் புலம்பினேன். நீ உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

மறுநாள் நான் பஸ் ஏறிப் போனேன். எங்கே போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், நினைவிருக்கிறதா? 'அவன் வீட்டு வாசல்ல மண்ணை வாரித் தூத்திட்டுத்தான் வருவேன்' என்று சொன்னேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம். அந்தத் தெருவில் மண்ணே இல்லை, ஒரே சிமெண்ட். மண் வாரித் தூற்ற வந்தவளுக்கு மண் கிடைக்கவில்லை. சிரிக்காதே. நான் அந்தத் தெருவில் பைத்தியக்காரி மாதிரி மேலும் கீழும் பார்த்தேன். நாலு வீடு தள்ளி யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் கிடந்தது. முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து, அந்த வீட்டு வாசலில் நின்று தூற்றினேன். 'எம் புள்ள வயித்துல அடிச்சவன் கை வெளங்காமப் போகணும்' என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஹாஜாவின் அம்மா வாசலில் வந்து நின்றது. அது காலிலும் மணல் விழுந்தது. தெருவில் கூட்டம் கூடிவிட்டது, இரண்டு மூன்று பேர் 'யாரு இந்தம்மா, எந்த ஊரு?' என்று முன்னால் வந்தார்கள். அது எப்படி வேண்டுமானாலும் திரும்பியிருக்கும். கடையிலிருந்து ஓடி வந்த பாய்தான் கையை உயர்த்தி, 'ஒண்ணுமில்ல, நம்ம வீட்டு விஷயம், நாங்க பேசிக்கிறோம், போங்க போங்க' என்று அத்தனை பேரையும் அனுப்பினார். என்னைப் பார்த்து, 'பஸ்ஸு மூணு மணிக்கு இருக்கும்மா' என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஜெயித்துவிட்டு வருகிறவள் மாதிரி பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன கத்தினேன் என்பதையும் சொன்னேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நீ எழுந்து வாய்க்கால் பக்கம் போய்விட்டாய். திரும்பி வந்து அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதாயாம். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கையடித்துச் சத்தியம் வேறு வாங்கினாயாம். நான் தாங்க மாட்டேனாம்! நான் எதைத் தாங்கவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணினீர்கள்? உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஐப்பசி மழையில் நட்டவள் நான்.

இதற்கு மேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் நான் எதற்காக இவ்வளவு கொதிக்கிறேன் என்று உனக்குப் புரியாது. அடுத்த வருடம், நீ வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகு, ஏதோ ஒரு மேட்ச்சில் பந்து பட்டு ஹாஜாவின் வலது கையில் இரண்டு விரல் நொறுங்கிப்போனது. சேர்த்துக் கட்டியும் மடங்கவில்லை, ஆட்டத்தை விட்டுவிட்டான். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் அப்பா அந்தச் செய்தியைச் சொன்னார். அன்றைக்குக் கெண்டை மீன் குழம்பு. நான், 'சாமி இருக்குய்யா' என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு திருப்தியாகச் சாப்பிட்டேன். உன் அப்பா பாதியில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். பசி இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ராத்திரி உனக்கும் போன் போட்டு, 'கேட்டியாடா, ஒன்னக் காட்டிக்கொடுத்தவன் கை போச்சு' என்றேன். நீ 'சரிம்மா, வைக்கிறேன்' என்றாய்.

ஒரு தாய் பெற்ற பிள்ளையின் கை உடைந்ததற்கு நான் இரண்டாம் முறை சோறு போட்டுத் தின்றிருக்கிறேன். அந்தப் பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. உனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியும். இரண்டு பேரும் என்னைத் தின்ன விட்டீர்கள். நீ பொய் சொன்னதைக் கூட நான் பொறுத்துக்கொள்வேன். பிள்ளைகள் பொய் சொல்லும், பெற்றவர்கள் கண்டுகொள்ளாமல் போவோம். ஆனால் என்னை இப்படி ஒரு பொம்பளையாக ஆக்கிவிட்டாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை அவன் சுமந்தான், பாவத்தை நான் சுமந்தேன். நடுவில் நீ விமானம் ஏறிப் போய்விட்டாய்.

உன் பக்கத்து நியாயத்தையும் அப்பா சொன்னார். தலை வாரக் கூடக் கை எழும்பவில்லையாம். நீயாகப் போய் முடியவில்லை என்று சொன்னால் பயந்தவன் என்று பெயராகிவிடுமாம், அப்புறம் ஒருநாளும் கூப்பிட மாட்டார்களாம். ஹாஜா கண்டுபிடித்துச் சொன்ன மாதிரி இருந்தால் உனக்குக் கௌரவமாம். அவன் மாட்டேன் என்றுதான் சொன்னானாம், நீதான் கெஞ்சினாயாம். வீட்டுக்கு வந்தால் ப்ளெக்ஸ் தொங்குகிறது, வாசலில் நான் நிற்கிறேன், என் முகத்தைப் பார்த்ததும் உனக்கு வாய் வரவில்லையாம். தோள் வலித்தது பொய் இல்லையே? 'முடியலம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பேன். மறுநாள் எண்ணெய் காய்ச்சி உன் தோளுக்குத் தடவியிருப்பேன். ஹாஜா கொழும்புக்கோ கொரியாவுக்கோ போய்விட்டு வந்து இங்கேதான் சாப்பிட்டிருப்பான்.

இன்னும் ஒன்று. நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணைப் பார்த்தேன். வெடுக்கென்று பேசுகிறது. எனக்குப் பிடித்துவிட்டது. அதனால்தான் இப்போது பயமாக இருக்கிறது. நாளைக்கு அவள் ஏதாவது கேட்பாள். நீ தலையைக் குனிவாய். உனக்காக அவள் யார் வீட்டு வாசலில் போய் மண் அள்ளப்போகிறாளோ. உன்மேல் உயிரை வைத்த பொம்பளைகளைத்தான் நீ இப்படி மாட்டிவிடுகிறாய். பெண்டாட்டியிடம் அடி, உதை, பொய் எதுவும் கூடாது என்று எல்லா அம்மாவும் சொல்வாள். நான் உனக்குச் சொல்வது இதுதான்: அவள் கேட்டால் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல். அவள் அழட்டும், கத்தட்டும், தட்டை விட்டெறியட்டும். அதெல்லாம் ஆறிவிடும்.

நேற்று நான் கூத்தாநல்லூருக்குப் போனேன். பத்திரிகை எடுத்துக்கொண்டு போகவில்லை. வெறுங்கையோடு போனேன். அந்தத் தெருவில் இப்போது மணல் கொட்டியிருந்த இடத்தில் மாடி வீடு நிற்கிறது. ஹாஜாவின் அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தது. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"பாயம்மா, எனக்குத் தெரியாது. முந்தாநாள்தான் தெரியும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"எனக்கு அன்னைக்கே தெரியுங்க்கா," என்றது. "நீங்க போன ஒடனே ஹாஜாவுக்குப் போன் போட்டேன், எல்லாம் சொன்னான். அவங்ககிட்ட சொல்லிராதம்மா, அவனே சொல்லிக்குவான்னான். கூட்டிப் பெருக்கி வாசலக் கழுவி விட்டேன். சரின்னு இருந்தேன். ஆனா அவன் கை ஒடைஞ்சு வந்தப்ப, ஒங்க வாய்தான் பலிச்சிருச்சுன்னு ஒரு வருசம் அழுதேங்க்கா. அதெல்லாம் நம்புறது பாவம்மான்னு எம் புள்ள எனக்குச் சொல்றான். பெத்தவ மனசு கேக்குதா?"

நான் அந்த வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அது அழவில்லை.

"ஒங்க மேல கோவமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன், இருக்கு. ஆனா நீங்க புள்ளைக்காகக் கத்துனீங்க, நானா இருந்தாலும் கத்தியிருப்பேன். ஒங்க மகன் மேலதாங்க்கா ஆற மாட்டேங்குது. இப்ப கல்யாணத்துக்குக் கூப்பிடச் சொல்றானாமே? கூப்பிட வாய் இருக்குல்ல? அன்னைக்கு அந்த வாய் எங்க போச்சு?"

யாராவது உன்னை ஒரு சொல் சொன்னால் நான் சும்மா இருந்திருக்கிறேனா? பள்ளிக்கூட வாத்தியாரிடமே சண்டைக்குப் போனவள். நேற்று அந்த அம்மா தெருவுக்குக் கேட்கிற மாதிரி உன்னைப் பேசியது. நானும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் ஹாஜா கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தான். இன்னும் கொஞ்சம் பருத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும், 'அம்மா, எப்ப வந்தீங்க, ஏன் வாசல்ல உக்காந்திருக்கீங்க?' என்றான், போன ஞாயிற்றுக்கிழமைதான் நம் வீட்டில் சாப்பிட்டவன் மாதிரி. அவனே உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தான். செம்பைப் பிடித்திருந்த கையில் இரண்டு விரல் மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்ப்பா, நீயாவது ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஒன்ன எப்படியெல்லாம் திட்டினேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "அவன் பந்து எனக்குத் தெரியாதாம்மா? எப்பவுமே கொஞ்சம் லேட்டாத்தான் வரும். அடிக்கிறவன் ஏமாந்துருவான், நான் ஏமாற மாட்டேன். வந்துரும் வந்துரும்னு கைய நீட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன். இவ்வளவு லேட்டாகும்னு நினைக்கல."

அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். உனக்குத் துரோகி என்று நான் பெயர் வைத்த பிள்ளை அவன்.

கல்யாணத்துக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, அதைச் சொல்லி முடிக்கிறேன். உன் ப்ளெக்ஸை அவிழ்த்து வந்து வைக்கோல் போருக்கு மூடி வைத்திருக்கிறேன் அல்லவா, இத்தனை வெயிலிலும் அதில் உன் சிரிப்பு வெளுக்கவே இல்லை. நேற்று வந்ததும் அதை எடுத்துத் திருப்பிப் போட்டேன். மஞ்சள் தடவிய பத்திரிகைகளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், ஒன்றும் போகாது. நீ லீவை முன்னால் கேட்டு வாங்கிக்கொண்டு வா. வந்து இறங்கி வரும் முதல் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரத்துக்கு, நீயும் நானும் அந்தத் தெருவுக்குப் போகிறோம். உன் அப்பாவும் வருவார், வராமல் எங்கே போவார். நான் ஊர் பார்க்க மண் தூற்றினேன், நீ ஊர் கேட்க உண்மையைச் சொல். அந்த அம்மா உன்னை என்ன சொன்னாலும் நான் குறுக்கே வர மாட்டேன். அதற்குப் பிறகு முதல் பத்திரிகையை நீயே உன் கையால் வை. அவர்கள் வாங்கிக்கொண்டால் மறுநாள் இங்கே பந்தக்கால் நடுவோம்.

நீ வீசுகிறவன். நான்கு வருடமாக ஒருத்தன் உடைந்த கையை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான். இனியும் அவனைக் காக்க வைக்காதே.

அம்மா